நஞ்சு (நஞ்சுக்கொடி) இன்னும் விழவில்லை, கன்று பால் குடிக்கவில்லை. என்ன செய்வது?

சோளத்தட்டு | இரவு 9:20

வணக்கம். கொஞ்சம் அவசரம். நாங்கள் கோபிக்கும் அத்தாணிக்கும் நடுவில் இருக்கிறோம். 12 நாளைக்கு முன்னால் கருங்கல்பாளையம் சந்தையில் நிறைசினையாக ஒரு ஜெர்சி கலப்பு பிடித்து வந்தோம். தலையீத்து. இன்று சாயங்காலம் 6:10க்குக் கன்று போட்டது, கிடேரி. யாரும் கை வைக்கவில்லை, தானாகவே ஈன்றது. மாடு நன்றாக நக்கிக்கொடுத்தது. அரை மணி நேரத்தில் கன்று எழுந்து நின்றுவிட்டது.

நஞ்சுதான் இன்னும் விழவில்லை. அது விழாமல் மடியில் கை வைக்கக்கூடாது, கன்றையும் ஊட்டவிடக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறார். மூங்கில் இலை கொடுத்தாயிற்று. தொங்கும் நஞ்சில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார். கன்று போய்ப் போய் மாட்டின் முன்னங்கால் சந்தில் முட்டிவிட்டு வருகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

போன வருடமும் இப்படித்தான். நஞ்சுக்குக் காத்திருந்து மறுநாள் காலை 9 மணிக்கு ஊட்டவிட்டோம். அந்தக் கன்று ஐந்தாம் நாள் கழிச்சலில் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், மாடு இரண்டு நாளாகவே பாலைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தது. மடி கல் மாதிரி இருக்கிறது, தொட்டால் உதைக்கிறது. யாராவது விழித்திருக்கிறீர்களா?

தாராபுரத்தான் | இரவு 9:24

முதலில் அந்தச் செருப்பைக் கழற்றுங்கள் தம்பி. பாரம் இழுத்து நஞ்சு பாதியில் அறுந்துவிட்டால் மீதி உள்ளேயே அழுகும். கருப்பையே வெளியே வந்த மாட்டையும் பார்த்திருக்கிறேன். தரையில் புரளுகிறது என்றால் நஞ்சையே மடித்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள், போதும். மாடு அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கோட்டு | இரவு 9:31

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு அண்ணா.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடும். மாட்டில் அது நஞ்சைக் கடக்காது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதம், ஐஜிஜி என்பார்கள், முழுவதும் சீம்பாலில் காத்திருக்கிறது. கன்றின் குடல் அதை உடைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடுவது பிறந்த முதல் சில மணி நேரம்தான். மணிக்கு மணி அந்த வழி அடைபட்டுக்கொண்டே வரும். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே போவது கொஞ்சம்தான். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். போன வருடக் கன்றுக்கு 9 மணிக்குக் கொடுத்தது வயிற்றை நிரப்பியிருக்கும், இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே கன்று பிறந்த நேரத்தை மட்டும் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மணி நேரம் போய்விட்டது. நஞ்சு விழ 8 மணி, 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்று தாங்காது.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கன்று மடியை முட்டி ஊட்டும்போது மாட்டின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கும். பாலை இறங்கவைப்பது அதுதான், கருப்பையைச் சுருங்கவைப்பதும் அதுதான். ஊட்டவிட்டால் நஞ்சு விழவும் அது உதவும்.

சோளத்தட்டு | இரவு 9:38

செருப்பைக் கழற்றிவிட்டேன். அப்பாவிடம் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஊட்டினா நஞ்சு விழுமா? யார் சொன்னது?" என்றார். டாக்டர் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

இப்போது அவரே மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு கொடுக்க வேண்டும்?

வெள்ளைக்கோட்டு | இரவு 9:41

இன்னும் ஆறு மாதம் இருக்கிறது டாக்டர் ஆக. பரவாயில்லை :)

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஜெர்சி கலப்புக் கிடேரி 22 கிலோ இருக்கும் என்று வைத்தால் 2 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. அடுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு லிட்டர். மடியையும் காம்பையும் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு, முதல் இரண்டு பீச்சைக் கீழே விட்டுவிட்டுக் கறந்து அளந்து கொடுங்கள். தானாக ஊட்டட்டும் என்று விட்டால் எவ்வளவு குடித்தது என்றே தெரியாது. மடி வீங்கி உதைக்கிற தலையீத்து மாட்டில் அரை லிட்டர்கூடக் குடித்திருக்காது.

தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின் வைத்தீர்களா?

சோளத்தட்டு | இரவு 9:58

வைத்தாயிற்று, அது மட்டும் அம்மா மறக்கவில்லை.

கறந்தோம். இரண்டு காம்பில் இளஞ்சிவப்பாக வருகிறது, கட்டி எதுவும் இல்லை. மற்ற இரண்டில் வெளுத்த பால், சாதாரணப் பாலைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. மொத்தம் 600 மில்லி. அதற்குமேல் மாடு விடவில்லை, அம்மாவுக்கு முழங்காலில் ஒரு உதை.

வெள்ளைக்கோட்டு | இரவு 10:01

லேசான இளஞ்சிவப்பு தலையீத்தில் சகஜம், கொடுக்கலாம். திரி திரியாகவோ சீழ் மாதிரியோ வந்தால்தான் மடிநோய், அதைக் கொடுக்கக்கூடாது.

எனக்குக் கவலை அந்த வெளுத்த பால்தான். இரண்டு நாள் சொட்டியதில் நல்ல சீம்பால் பாதி தரைக்குப் போய்விட்டது. 600 மில்லியை இப்போதே கொடுத்துவிடுங்கள். மீதிக்கு வேறு மாட்டின் சீம்பால் பக்கத்தில் கிடைக்குமா?

செவலைக்காரி | இரவு 10:03

தம்பி, நான் அத்தாணி. என் ஃப்ரீசரில் ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு கிடக்கிறது. செவலை மாடு ஆடியில் ஈன்றபோது எடுத்து வைத்தது, நாலாம் ஈத்து, தேன் மாதிரி இருந்தது. ரப்பர் காம்பும் தருகிறேன். தனிச்செய்தியில் வழி அனுப்பியிருக்கிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நாய் குரைக்கும், ஒன்றும் செய்யாது.

சோளத்தட்டு | இரவு 10:05

அக்கா!! கிளம்பிவிட்டேன்.

வெள்ளைக்கோட்டு | இரவு 10:09

அக்கா, ஒரு விஷயம் கேட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செவலையோ உங்கள் மற்ற மாடுகளோ கன்று வீசியது (கரு கலைந்தது) உண்டா? அப்படிக் கலைய வைக்கும் புருசெல்லா கிருமி பாலில் வரும். காசநோயும் ஜோன்ஸ் நோயும் அப்படியே.

செவலைக்காரி | இரவு 10:12

நல்ல கேள்விதான் சாமி. ஆறு மாடும் வருடம் ஒருமுறை இரத்தம் பார்த்ததுதான். எதுவும் இதுவரை கன்று வீசியதில்லை.

சோளத்தட்டு தம்பி இதை வந்து படிக்கும்: பாட்டிலை அடுப்பில் வைக்காதே. கொதிக்கிற தண்ணீரிலும் போடாதே. அண்டாவில் கை வைத்தால் சுடுகிற, ஆனால் சில விநாடி தாங்குகிற சூட்டில் தண்ணீர் வைத்து அதில் பாட்டிலைப் போட்டுத் திருப்பிக்கொண்டே இரு. தண்ணீர் ஆற ஆற மாற்று. முழுதாக உருகி உடம்புச் சூட்டுக்கு வந்ததும் கொடு.

தாராபுரத்தான் | இரவு 10:15

சூடு ஏன் ஆகாது என்பதற்கு நம் வீட்டுச் சீம்பால் சட்டியே சாட்சி. கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வைத்தால் கட்டியாகிறதே, சாதாரணப் பாலை வைத்தால் அப்படி ஆகுமா? சீம்பாலில் கூடுதலாக இருக்கும் புரதம்தான் வெந்து உறைகிறது. கன்றைக் காப்பாற்றும் சரக்கும் அதிலேயேதான் இருக்கிறது. அது கட்டியாகிவிட்டால் நமக்குப் பலகாரம், கன்றுக்குச் சும்மா பால்.

சோளத்தட்டு | இரவு 12:05

11:35க்குக் கொடுத்து முடித்தோம். விவரமாக எழுதுகிறேன், பின்னால் யாருக்காவது பயன்படும்.

உருக 40 நிமிடம் ஆனது. நடுவில் ஒரு பனிக்கட்டி உருண்டை கடைசிவரை கிடந்தது, அப்பாவுக்குப் பொறுமையே இல்லை. மூங்கில் குழாயில் ஊற்றிவிடலாம் என்றார். செவலைக்காரி அக்கா வாசலிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தார், அதனால் விடவில்லை. ரப்பர் காம்பை முதலில் கன்று மெல்லவே செய்தது, உறிஞ்சவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு இரண்டு விரலைச் சீம்பாலில் நனைத்து வாய்க்குள் விட்டு மேலண்ணத்தைத் தடவினார். விரலை உறிஞ்ச ஆரம்பித்தது. விரலோடு விரலாக ரப்பர் காம்பை உள்ளே விட்டு, விரலை மெல்ல உருவிக்கொண்டார். அப்புறம் நிறுத்தவே இல்லை. வால் ஆடுகிறது, வாயெல்லாம் நுரை. 10 மணிக்குக் கொடுத்த 600 மில்லியோடு சேர்த்து மொத்தம் 2.1 லிட்டர்.

இப்போது கோணிச் சாக்கில் சுருண்டு தூங்குகிறது. நஞ்சு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழைத்துச் சொல்கிறேன்.

வெள்ளைக்கோட்டு | இரவு 12:11

அருமை அண்ணா. அம்மாவுக்கு ஒரு கும்பிடு. மூங்கில் குழாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். அப்படி வரும் நிமோனியாவில் பிழைப்பது கஷ்டம். உறிஞ்சும் சக்தியே இல்லாத கன்றுக்கு மருத்துவரைக் கொண்டு குழாய் வழியாக இரைப்பைக்குள் விடலாம், நாமாகச் செய்யக்கூடாது.

சோளத்தட்டு | மறுநாள் காலை 7:40

மூன்றே கால் மணிக்கு நஞ்சு முழுதாக விழுந்துவிட்டது. குழி தோண்டிப் புதைத்தாயிற்று. "மூங்கில் இலை வேலை செஞ்சுது பார்" என்கிறார் அப்பா. நான் எதுவும் சொல்லவில்லை.

6 மணிக்கு இரண்டாவது வேளை. தாயிடம் அரை லிட்டர், மீதி அரை லிட்டர் செவலை உபயம்.

பெரியதோட்டம் | மறுநாள் காலை 9:15

இழை முழுவதும் படித்தேன். ராத்திரியில் இவ்வளவு அலைச்சல் எதற்கு? சீம்பால் இல்லாவிட்டால் முட்டை இருக்கிறது. ஒரு முட்டையை உடைத்து 300 மில்லி கொதித்து ஆறிய நீரில் அடித்து, அரை தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, 600 மில்லி பால் சேர்த்து தினம் மூன்று வேளை. மூன்று நான்கு நாளைக்குக் கொடுத்தால் சரியாகிவிடும். புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் ஐயா காலத்திலிருந்து தாயில்லாக் கன்று பத்துப் பன்னிரண்டை இப்படித்தான் தேற்றியிருக்கிறோம்.

வெள்ளைக்கோட்டு | மறுநாள் காலை 10:50

ஐயா, புத்தகத்தில் இருப்பது உண்மைதான், நானும் அதைத் தேர்வில் எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அது எதை ஈடுகட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சீம்பாலுக்கு மூன்று வேலை. ஊட்டம் ஒன்று: சாதாரணப் பாலில் புரதம் 3 சதவீதம் சொச்சம் என்றால் முதல் கறவைச் சீம்பாலில் 14 சதவீதம் வரை போகும். கொழுப்பும் வைட்டமின் ஏயும் அதிகம். இரண்டாவது, வயிற்றில் அடைத்திருக்கும் கரும்பச்சை முதற்சாணத்தை இளக்கி வெளியேற்றுவது. மூன்றாவது எதிர்ப்புப் புரதம். முட்டை முதல் வேலையில் கொஞ்சம் செய்கிறது, விளக்கெண்ணெய் இரண்டாவதைச் செய்கிறது. மூன்றாவதுக்கு அந்தக் கலவையில் ஒன்றுமே இல்லை.

முட்டை மஞ்சள்கருவிலும் எதிர்ப்புப் புரதம் உண்டு என்று சொல்வார்கள். உண்டு, ஒரு முட்டையில் ஏறக்குறைய 100 மில்லிகிராம். அதுவும் கோழி சந்தித்த கிருமிக்கு எதிரானது. இந்தக் கன்றுக்கு வேண்டியது குறைந்தது 100 கிராம், பெரிய எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கன்றுக்கு 150 முதல் 200 கிராம். கணக்குப் போட்டால் ஆயிரம் முட்டை வேண்டும் ஐயா.

1922இலேயே அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் தியோபால்டு ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர் இதைப் பிரித்துச் சோதித்தார்கள். சீம்பால் குடித்த கன்றுகள் தப்பின, குடிக்காதவற்றில் பெரும்பாலானவை சில நாளில் செத்தன. சீம்பாலுக்குப் பதிலாக மாட்டு இரத்தத்தின் சீரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள், அது ஓரளவு கைகொடுத்தது. அன்றைக்கே அவர்கள் தேடியது இரத்தத்தில் இருக்கும் அந்தச் சரக்கைத்தான். இன்றும் 24 மணி நேரம் தாண்டிய கன்றுக்கு மருத்துவர் பிளாஸ்மாவோ இரத்தமோ நரம்பில் ஏற்றுவது இதனால்தான்.

பெரியதோட்டம் | மறுநாள் காலை 11:20

அப்படியானால் எங்கள் பத்துப் பன்னிரண்டு கன்றும் எப்படிப் பிழைத்தன? கணக்குச் சொல்லுங்கள்.

தாராபுரத்தான் | மறுநாள் காலை 11:45

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள் ஐயா. அந்தக் காலத்தில் உங்கள் கட்டுத்தறியில் எத்தனை உருப்படி? நாலு நாட்டுமாடு இருந்திருக்கும். வெளிமாடு உள்ளே வராது. கன்றை வீட்டுத் திண்ணையில் கட்டிச் சாம்பல் போட்டுப் பெருக்கி, பிள்ளை மாதிரி பார்த்திருப்பீர்கள். கிருமி குறைவு என்றால் எதிர்ப்பு குறைந்த கன்றும் தப்பிவிடும். இன்றைக்கு 15 கலப்பின மாட்டைச் சிமெண்டுத் தளத்தில் கட்டி, மாதம் ஒன்றைச் சந்தையில் வாங்கி ஒன்றை விற்கிறோம். இரண்டும் ஒன்றாகுமா?

அப்புறம், பிழைத்த கன்று நினைவில் நிற்கும். போனது?

பெரியதோட்டம் | மறுநாள் பகல் 12:30

போனதும் உண்டுதான். இல்லை என்று சொல்லவில்லை.

சரி, முட்டையை விடுங்கள். ஆனால் இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈன்றவுடன் மடியை ஒட்டக் கறந்தால் மாடு படுத்துவிடும். எங்கள் எச்எஃப் ஒன்று அப்படித்தான் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு விழுந்தது.

வெள்ளைக்கோட்டு | மறுநாள் பகல் 1:05

அது பால்காய்ச்சல், கால்சியம் குறைவு. மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட, நிறையக் கறக்கும் மாட்டுக்கு நிஜமான பயம்தான். இதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் கன்றுக்கு வேண்டியது இரண்டு மூன்று லிட்டர், அதை மட்டும் கறந்தால் போதும், ஒட்டக் கறக்க வேண்டியதில்லை. அதையும் ஈன்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். நேரம் ஆக ஆக மடியில் புதுப்பால் ஊறிச் சீம்பால் நீர்த்துப்போகும். காத்திருந்தால் கன்றின் குடலும் மூடுகிறது, மடியில் சரக்கும் குறைகிறது.

வைகாட்டோ வேலன் | மறுநாள் மாலை 4:20

நான் நியூசிலாந்தில் வைகாட்டோ பகுதியில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் பல்லடம். இங்கே 450 மாடு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதத்தில் அநேகமாக எல்லாம் ஈன்றுவிடும். மேய்ச்சல் காட்டில், மழையில், குளிரில் ஈனும். நாள் ஒன்றுக்கு இரண்டு முறை டிரெய்லரைக் கொண்டுபோய்க் கன்று பொறுக்கி வருவோம்.

வந்த புதிதில் நானும் தாயிடம் விட்டால் தானாகக் குடித்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். பொறுக்கி வந்த கன்றின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பல கன்றுக்கு ஒட்டிக் கிடக்கும். அதனால் சந்தேகமே பார்ப்பதில்லை, வந்தவுடன் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுவோம்.

இங்கே முதல் கறவையை மட்டும் 'தங்கச் சீம்பால்' என்று தனி டிரம்மில் வைப்பார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பாலை அதோடு கலக்கவிட மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு, பிரிக்ஸ் மீட்டர், கரும்புச் சாற்றில் சர்க்கரை பார்க்கும் அதே கருவிதான். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடி வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். 22க்கு மேல் இருந்தால் லிட்டருக்கு 50 கிராம் ஐஜிஜி இருக்கிறது என்று அர்த்தம், புதுக்கன்றுக்குப் போகும். குறைந்தால் நாள்பட்ட கன்றுகளுக்கு.

கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, இது மட்டும் உறுதி. மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். வைத்துப் பார்த்தால் 17. கெட்டி கொழுப்பாலும் வரும்.

செவலைக்காரி | மறுநாள் மாலை 5:10

அந்தக் கருவி என்ன விலை தம்பி? இங்கே கிடைக்குமா?

தாராபுரத்தான் | மறுநாள் மாலை 5:30

கிடைக்கும்க்கா. கரும்பு ஆலை பக்கமும் ஆய்வகச் சாமான் விற்கும் கடையிலும் வைத்திருப்பார்கள். 0 முதல் 32 வரை அளவு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டில் தலையீத்துகள் 18, 19இல் நிற்கும், நாலாம் ஈத்து மாடு 27 காட்டும். ஆனால் ஒரு தலையீத்து 25 காட்டி என் மூக்கை உடைத்தது.

சோளத்தட்டு | மறுநாள் இரவு 8:15

பொடி பற்றி ஒரு சந்தேகம். இன்று மத்தியானம் ஒரு மருந்துக்கடையில் 'சீம்பால் பவுடர்' என்று கேட்டேன். ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள், விலையும் கொஞ்சம் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்பக்கத்தில் பால்பொடி, மோர்ப்பொடி, தாவர எண்ணெய், வைட்டமின் என்று போட்டிருக்கிறது. இது என்ன?

வைகாட்டோ வேலன் | மறுநாள் இரவு 8:40

ஏமாந்துவிட்டீர்கள் அண்ணா. அது கன்றுக்குப் பாலுக்குப் பதில் கரைத்துக் கொடுக்கும் பவுடர். அதை மூன்றாம் நாளுக்கு மேல் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வீணாகாது.

பொட்டலத்தில் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் ஐஜிஜி. 100 முதல் 150 கிராம் என்று இருந்தால் அது சீம்பாலுக்கு மாற்று. அதுவும் பெரிய கன்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டிவரும். 40, 50 கிராம் என்றால் வெறும் துணை, சுமாரான சீம்பாலோடு கூட்டிக் கொடுக்கலாம், தனியாக நிற்காது. எண்ணே இல்லை என்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். மனிதர்களுக்கு விற்கும் சீம்பால் மாத்திரையைச் சிலர் உடைத்துக் கொடுக்கிறார்களாம், அந்தக் காசுக்குப் பக்கத்து ஊருக்கு ஆட்டோவே பிடிக்கலாம்.

நல்ல பொடி உலர்த்திய சீம்பாலிலிருந்தோ மாட்டு இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்தோ செய்வது. இங்கே அவசரத்துக்கு ஒன்றிரண்டு பை இருக்கும். ஆனாலும் ஃப்ரீசர் சீம்பால் இருக்கும்போது யாரும் பையைப் பிரிக்க மாட்டார்கள். பண்ணையில் சுற்றும் கிருமிக்கு எதிரான சரக்கு அந்தப் பண்ணை மாட்டிடம்தான் இருக்கும்.

வெள்ளைக்கோட்டு | மறுநாள் இரவு 9:05

கடைசி வரியைக் கவனியுங்கள். சோளத்தட்டு அண்ணாவின் மாடு 12 நாளைக்கு முன்புதான் வந்தது. மடியில் சீம்பால் சேர ஆரம்பிப்பது ஈனுவதற்கு நாலைந்து வாரம் முன்பு. அதாவது இந்த மாட்டின் சீம்பாலில் இருப்பது பழைய கட்டுத்தறியின் கிருமிகளுக்கான எதிர்ப்பு. உங்கள் தொழுவத்துக் கிருமியை அது இன்னும் படிக்கவே இல்லை. நிறைசினை மாடு வாங்குவதென்றால் ஈனுவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுவது நல்லது. அதேபோல் 60 நாள் வற்றவிடாமல் கடைசிவரை கறந்த மாட்டிலும் சீம்பால் குறையும்.

நாளை நான் ஊருக்கு வருகிறேன், கவுந்தப்பாடிதான். கன்றுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும். சம்மதம் என்றால் 5 மில்லி இரத்தம் எடுத்துச் சீரத்தில் புரதம் பார்த்துச் சொல்கிறேன்.

சோளத்தட்டு | மூன்றாம் நாள் இரவு 7:50

வெள்ளைக்கோட்டு வந்து போனார். அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "நஞ்சு விழ வெச்ச டாக்டரு நீங்கதானா?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

வெள்ளைக்கோட்டு | மூன்றாம் நாள் இரவு 9:30

:) சீரம் புரதம் 5.4. 6.2க்கு மேல் என்றால் மிக நன்று, 5.8க்கு மேல் நன்று, 5.1க்குக் கீழே மோசம். இது சுமார் ரகம். ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்து வெளுத்த பால், ஐந்தரை மணி நேரத்தில் நல்ல பால் என்று ஆரம்பித்த கன்றுக்கு இது கெட்ட எண் இல்லை.

சீம்பாலை நிறுத்த வேண்டாம். நாலைந்து நாள் தாயின் பாலையே கொடுங்கள். இரத்தத்துக்குப் போகாவிட்டாலும் குடல் சுவரில் நின்று ரோட்டா மாதிரி வைரஸைத் தடுக்கும்.

முல்லைநிலம் | நான்காம் நாள் காலை 8:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சிவகிரி பக்கம். சீம்பாலை அதிகம் கொடுத்தால் கழியும், புழு வைக்கும் என்று எங்கள் வீட்டில் அரை லிட்டருக்கு மேல் விடமாட்டார்கள். மீதி தெருவுக்கே கடும்பாக (சீம்பால் பலகாரமாக) போகும். கொடுக்காவிட்டால் "இவள் வீட்டு மாடு ஈன்றது, ஒரு கிண்ணம் வரவில்லை" என்று பேச்சு வேறு.

செவலைக்காரி | நான்காம் நாள் காலை 8:45

முதல் இரண்டு நாள் மஞ்சளாக, பசை மாதிரி இளக்கமாகப் போடும். அது கழிச்சல் இல்லை, வயிறு சுத்தமாகிறது. தண்ணீராக, நாற்றமாக, கன்று சோர்ந்து போனால்தான் கழிச்சல்.

புழு விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தாயின் உடம்பிலிருக்கும் புழுக்குஞ்சு பால் வழியாகக் கன்றுக்குப் போகும், எருமையில் ரொம்ப. அதற்கு 10ஆம் நாள் வாக்கில் மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுத்தால் தீர்ந்தது. பாலைக் குறைப்பதா வைத்தியம்?

தெருவுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் கறவை கன்றுக்கு, மிஞ்சினால் ஃப்ரீசருக்கு. இரண்டாம் நாள் பால்தான் கிண்ணத்துக்கு. அதுவும் உறையும், கொஞ்சம் தளர்வாக. முறுக்காக வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் மாடு இந்தத் தடவை நீர்த்துக் கறக்கிறது என்று சொல்லிவிடுவேன். சொசைட்டியில் எப்படியும் ஊற்ற முடியாது. உணவு விதியிலேயே பால் என்றால் சீம்பால் கலவாதது என்றுதானே இருக்கிறது.

முல்லைநிலம் | நான்காம் நாள் காலை 9:00

ஃப்ரீசரில் எத்தனை நாள் நிற்கும் அக்கா?

செவலைக்காரி | நான்காம் நாள் காலை 9:20

கறந்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், வெளியே வைத்தால் கிருமி பெருகிவிடும். சாதாரணக் குளிர்ப்பகுதியில் இரண்டு நாள் தாண்டாதே. உறையும் பகுதியில், மைனஸ் 20 என்றால், ஒரு வருடம். பாட்டிலை முழுக்க நிரப்பாதே, உறையும்போது விரிந்து வெடிக்கும், எனக்கு வெடித்து ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் நாசம். மாட்டின் பேர், தேதி எழுதி ஒட்டு. கரண்ட் போய் ஒருமுறை முழுதாக உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதே, இருக்கும் கன்றுக்கு ஊற்றிவிடு.

வைகாட்டோ வேலன் | நான்காம் நாள் மாலை 3:40

பாட்டிலைவிடக் கெட்டி ஜிப் பை நல்லது அக்கா. லிட்டர் அளவில் ஊற்றிப் படுக்கப்போட்டால் தட்டையாக உறையும், கால் மணி நேரத்தில் உருகும்.

சோளத்தட்டு | பதினாறாம் நாள்

கன்றுக்கு 9ஆம் நாள் கழிச்சல் வந்தது. வெளுப்பாக, தண்ணீராக. அப்பா பாலை நிறுத்தச் சொன்னார். மருத்துவர் நிறுத்த வேண்டாம் என்றார், பாலுக்கு நடு நடுவே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். மூன்று நாள் எல்லோருக்கும் தூக்கம் இல்லை. 12ஆம் நாள் காலையில் போனபோது எழுந்து நின்று கட்டுக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. நேற்று புழு மருந்தும் ஆயிற்று. இப்போது கட்டுத்தறியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அம்மாவின் சேலைத் தலைப்பைக் கண்டால் விடுவதில்லை.

எங்கள் பழைய மாடு ஒன்று தை பிறந்ததும் ஈனும். மூன்றாம் ஈத்து. அம்மா இப்போதே ஃப்ரீசரில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறார்.

செவலைக்காரி | பதினாறாம் நாள்

சந்தோஷம் தம்பி. அப்படியே அந்த இரண்டு பாட்டிலையும் ரப்பர் காம்பையும் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிடு. எங்கள் கருப்பி அடுத்த வாரம் போடுவாள் போலிருக்கிறது.

சோளத்தட்டு | பதினாறாம் நாள்

பாட்டில் இருக்கிறது அக்கா. காம்பைக் கன்று கடித்துவிட்டது. புதுசு வாங்கி வருகிறேன்.